மலையேறிய நோட்டு: திருத்தணி வட்டாரத்தில் பேண்டு வாத்தியத்தின் இருநூறாண்டு வழித்தடம்

ஆடிக் கிருத்திகையன்று விடியற்காலையில் திருத்தணி அடிவாரத்தில் நின்றால், காவடி கண்ணில் படுமுன் அதன் ஓசை காதில் விழுந்துவிடும். ஒரு பக்கம் பம்பையும் உடுக்கையும், இன்னொரு பக்கம் நாதசுரமும் தவிலும், இவற்றுக்கு நடுவே ஊர்ப்பெயர் எழுதிய பதாகைக்குப் பின்னால் பேண்டு செட்டு. சிவப்புச் சட்டை, தோளில் சரிகைக் குஞ்சம், தலையில் பட்டாளத்துத் தொப்பி, மார்பில் வார்போட்டுத் தொங்கும் பெரிய டிரம். சரவணப் பொய்கைக் கரையில் காவடிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கும்போது அவர்களுடைய காலைப் பார்த்தால் செருப்பு இருக்காது. மேலே சிப்பாயின் உடை, கீழே பக்தனின் வெறுங்கால். இந்த உடை எந்த வழியாக இந்த மலைக்கு வந்து சேர்ந்தது என்று தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேண்டு வாத்தியத்தைக் கல்யாண ஊர்வலத்தில் சினிமாப் பாட்டை நகலெடுக்கும் கூட்டம் என்று ஒதுக்கிவைப்பது இசை வரலாற்று நூல்களின் வழக்கம். நாதசுரத்துக்குத் தனி அத்தியாயம் உண்டு. பறைக்கும் இப்போது கிடைத்திருக்கிறது. பேண்டுக்கு ஒரு பத்தி கிடைப்பதே அரிது. திருத்தணியை மையமாக வைத்துப் பார்த்தால் இந்த ஒதுக்கல் எவ்வளவு பிழையானது என்பது விளங்கும். வெளியிலிருந்து வந்த மெட்டைக் காதால் வாங்கித் தன் சாமிக்கு உரியதாக்கும் பழக்கம் இங்கே இருநூறு ஆண்டுகளாக இருந்துவருகிறது. அதன் ஒரு முனையில் முத்துசுவாமி தீட்சிதர் நிற்கிறார். மறுமுனையில் ஊர் பேண்டுக்காரர் நிற்கிறார்.

கோட்டையும் மணலியும்

தென்னிந்தியாவில் பேண்டு முதலில் பட்டாளத்தின் உறுப்பு. கிழக்கிந்தியக் கம்பெனியின் படைகள் குழலும் முரசும் ஒலிக்க நடந்தன. சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையில் விருந்துக்கும் நடனத்துக்கும் அதே வாத்தியக்காரர்கள் வாசித்தார்கள். 1795இல் கம்பெனி பிறப்பித்த ஆணை இங்கே கவனிக்கத்தக்கது. தாயும் தந்தையும் ஐரோப்பியராக இல்லாதவர்களைப் படைப் பணியிலிருந்து விலக்கிய அந்த ஆணை, குழலூதுவோர், முரசறைவோர், பேண்டுக்காரர், லாடம் கட்டுவோர் ஆகியோருக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஆக, பேண்டு தொடக்கத்திலேயே பிறப்பைக் காட்டித் தள்ளிவைக்கப்பட்டவர்களுக்கு மிச்சம் விடப்பட்ட தொழில். இந்தக் கூறு பின்னாலும் திரும்ப வரும்.

கோட்டைக்கு வடக்கே மணலியில் முதலியார் குடும்பம் கம்பெனியின் துபாஷிகளாகச் செல்வாக்குடன் இருந்தது. அவர்கள் ஆதரவில் திருவாரூரிலிருந்து வந்து தங்கியது ராமசுவாமி தீட்சிதரின் குடும்பம். அவருடைய பிள்ளைகள் முத்துசுவாமியும் பாலுசுவாமியும் மணலி முதலியாரோடு கோட்டைக்குச் சென்று பேண்டு இசையைக் கேட்டார்கள். பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் பயின்றார். கர்நாடக இசை மேடையில் இன்று வயலின் இல்லாத கச்சேரி அரிது. முத்துசுவாமியோ கேட்ட மெட்டுகளை மனத்தில் பதித்துக்கொண்டு, அவற்றுக்குச் சம்ஸ்கிருதச் சாகித்தியம் செய்தார். ஏறத்தாழ 40 பாடல்கள் இவ்வாறு கிடைத்துள்ளன. இவையே நோட்டுஸ்வரங்கள். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் பாட்டின் மெட்டு ‘சந்ததம் பாஹிமாம்’ என்று அம்பாளைத் துதிக்கும் பாடலானது. நடனத்துக்கு அழைக்கும் ஒரு பிரெஞ்சு மெட்டு ‘சக்தி சஹித கணபதிம்’ என்று பிள்ளையார் பாட்டானது; இன்றும் பாட்டு வகுப்புகளில் சிறு பிள்ளைகள் அதைப் பாடுகிறார்கள்.

தணிகையில் பிறந்த முத்திரை

காசியில் சில ஆண்டுகள் இருந்துவிட்டுத் திரும்பிய முத்துசுவாமி தீட்சிதர் திருத்தணிக்கு வந்ததையும், அங்கே முதியவர் வடிவில் வந்த முருகன் அவர் வாயில் கற்கண்டு இட்டதையும், உடனே அவர் மாயாமாளவகௌளையில் ‘ஸ்ரீநாதாதி குருகுஹோ’ என்ற கீர்த்தனையைப் பாடியதையும் மரபு சொல்கிறது. அதுவே அவருடைய முதல் கீர்த்தனை என்பர். அவருடைய முத்திரையான ‘குருகுஹ’ பிறந்த இடம் தணிகை எனப்படும் இந்தத் திருத்தணி மலை.

இதில் ஆய்வாளர் நின்று யோசிக்க வேண்டிய ஓர் இடம் இருக்கிறது. நோட்டுஸ்வரங்கள் தீட்சிதரின் மணலி இளமைக் காலத்தவை என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அவற்றுள் சில குருகுகனையே பெயர் சொல்லிப் பாடுகின்றன. குருகுக முத்திரை திருத்தணியில் கிடைத்தது என்ற மரபை ஏற்றால், அந்தச் சில பாடல்களேனும் தணிகைக்குப் பிறகு உருவானவை என்று கொள்ள வேண்டும். கோட்டையில் கேட்ட மெட்டை அவர் இளமையோடு விட்டுவிடவில்லை. மலையேறி இறங்கிய பிறகும் அது அவர் காதில் இருந்திருக்கிறது. மிகக் கடினமான வீணைச் சஞ்சாரங்களைக் கீர்த்தனைகளில் வடித்த ஒருவர், நோட்டுஸ்வரங்களின் கமகமே இல்லாத நேர்க்கோட்டுச் சங்கராபரணத்தையும் சாமிக்குத் தகுதியானதாகவே கருதினார்.

கர்நாடக இசை உருப்படிகள் பின்னாளில் ஏட்டிலிருந்து அச்சுக்கும் வந்தன. சின்னசாமி முதலியார் 1893இல் கர்நாடக இசையை ஐரோப்பியக் குறியீட்டில் வெளியிடத் தொடங்கினார். சுப்பராம தீட்சிதரின் ‘சங்கீத சம்பிரதாய பிரதர்சினி’ 1904இல் எட்டயபுரத்திலிருந்து வந்தது.

பிறகு ‘நோட்டு’ என்ற சொல் தனியே நடக்கத் தொடங்கியது. நாதசுரக்காரர்கள் ஊர்வலத்தில் வாசிக்கும் துள்ளல் மெட்டுக்கு அது பெயரானது. ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் அமைத்த ‘இங்கிலீஷ் நோட்டு’ மதுரை மணி ஐயரின் கச்சேரிகளில் ரசிகர்கள் கேட்டு வாங்கும் உருப்படியாக இருந்தது. 1968இல் வெளிவந்த ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்திலும் நாதசுரக் கதாநாயகன் வெள்ளைக்காரர் முன்னிலையில் நோட்டு வாசித்துக் காட்டுகிறான்.

கருவி கைமாறிய விதம்

மெட்டு வந்த வழி இது. கருவி வந்த வழி வேறு. தஞ்சையில் இரண்டாம் சரபோஜி (ஆட்சி 1798–1832) அரண்மனைக்கென்று பேண்டு வைத்திருந்தார்; அவர் சேர்த்த மேனாட்டு இசைச் சுவடிகள் சரசுவதி மகாலில் இருக்கின்றன. 19ஆம் நூற்றாண்டில் சதிர்க் கச்சேரியின் சின்ன மேளத்தில் முகவீணை இருந்த இடத்துக்குக் கிளாரினெட் வந்தது. இந்த மாற்றத்தை மகாதேவ நட்டுவனாரின் பெயரோடு இணைத்துச் சொல்வார்கள். 20ஆம் நூற்றாண்டில் ஏ.கே.சி. நடராஜன் அதே கிளாரினெட்டைக் கச்சேரி மேடையின் நடுவில் வைத்தார். மைசூர் அரண்மனை பேண்டில் சாக்ஸபோனைக் கேட்டுச் சொக்கிப்போன கத்ரி கோபால்நாத் அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தார். இந்த மாற்றங்களெல்லாம் பெயரோடும் புகழோடும் பதிவாகியுள்ளன.

பெயரில்லாமல் நடந்த மாற்றம் ஊர்களில் நடந்தது. உத்தரப் பிரதேசத்து மீரட் நகரம் பித்தளை வாத்தியங்களைப் பெருமளவில் செய்யத் தொடங்கியதும், பட்டாளமும் அரண்மனையும் மட்டும் வாங்க முடிந்த டிரம்பெட்டும் யூபோனியமும் ஊர்க்காரர் கைக்கு எட்டின. தமிழ்நாட்டில் அவற்றை முதலில் எட்டிப் பிடித்தவர்களில் பறையடித்த குடும்பங்களின் இளைஞர்கள் பலர். பறை அவர்களுக்குக் கலையாக இருந்தது. ஆனால் சாவு விழுந்த வீட்டுக்குக் கூப்பிட்டதும் போயாக வேண்டும் என்ற சாதிக் கட்டாயமாகவும் அது இருந்தது. பேண்டு செட்டுக்கு அப்படியில்லை. முன்பணம் வாங்கி, நேரம் பேசி, கூலி பேசி, சீருடை போட்டுக்கொண்டு போகும் தொழில் அது. ‘மாஸ்டர்’ என்று கூப்பிடுவார்கள். சைடு டிரம்மில் இரு குச்சிகளும் உருளும்போது கேட்பது பறையின் அடவுகளை அறிந்த கை. 1795இல் தள்ளப்பட்டவர்களின் புகலிடமாக இருந்த பேண்டு, இங்கே தள்ளப்பட்டவர்கள் தலைநிமிர ஒரு வாசலாயிற்று. அந்தச் சரிகைக் குஞ்சத்தை வேடிக்கையாகப் பார்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாளும் எல்லையும்

வெளியிலிருந்து வந்ததை மலையேற்றுவது இசையோடு நிற்கவில்லை. ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளை அதிகாரிகளைத் தேடிச் சென்று வாழ்த்துச் சொல்லும் வழக்கம் மிகுந்திருந்த காலத்தில், வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் 1917 டிசம்பர் 31 அன்று திருத்தணியில் திருப்புகழ்ப் படித் திருவிழாவைத் தொடங்கினார். ஆண்டின் நாட்களைக் குறிக்கும் 365 படிகளிலும் படிக்கொரு திருப்புகழ் பாடி ஏறுவது அதன் முறை. நாட்காட்டி அவர்களுடையது, அந்த நாள் முருகனுக்கு. தீட்சிதர் மெட்டுக்குச் செய்ததைச் சுவாமிகள் தேதிக்குச் செய்தார்.

அரசியல் எல்லையும் இந்த வட்டாரத்தின் ஓசையை வடிவமைத்திருக்கிறது. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி 1953இல் ஆந்திரத்தோடு சென்றது. ம.பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் முன்னின்ற வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, எல்லைச் சிக்கலைத் தீர்க்க வந்த படாஸ்கரின் பரிந்துரை வழியே 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்தில் சேர்ந்தது. கோடு மாறியது, கல்யாண உறவுகள் மாறவில்லை. ஆந்திரப் பக்கத்து நகரியிலும் புத்தூரிலும் பெண் கொடுத்து எடுக்கும் ஊர்களில் வாசிக்க வேண்டிய பேண்டுக்காரருக்கு இரண்டு மொழிப் பாட்டும் கையில் இருந்தாக வேண்டும்.

இன்றைய நிலை

தை தொடங்கி வைகாசி வரை முகூர்த்தங்கள். ஆடியில் அம்மன் கோயில் கூழும் கிருத்திகைக் காவடியும். மார்கழியில் கல்யாணம் இல்லை. இதுதான் பேண்டுக்காரரின் ஆண்டு. பாட்டைக் காதால் கேட்டுப் பிடித்து, மறக்காமல் இருக்க ச ரி க ம என்று தமிழெழுத்தில் பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைப்பவர்கள் உண்டு. நாதசுரத் துளையில் விரலை வழுக்கிக் கமகம் காட்டலாம். டிரம்பெட்டின் மூன்று பட்டன்கள் அதற்கு இடம் தராது. உதட்டை இறுக்கியும் தளர்த்தியும் சுரத்தை வளைக்க வேண்டும். தீட்சிதர் கமகத்தை விலக்கி மெட்டை வாங்கினார். இவர்கள் கமகத்துக்கு வாய்ப்பில்லாத கருவியில் கமகத்தைத் தேடுகிறார்கள். பயணம் எதிர்த்திசையில் நடந்தாலும் பாதை ஒன்றுதான்.

இப்போது செண்டை மேளமும் டி.ஜே. பெட்டியும் ஊர்வலத்தைப் பிடித்துக்கொண்டன. எட்டுப் பத்துப் பேருக்குக் கூலி கொடுப்பதைவிட ஒரு வண்டி ஒலிபெருக்கி மலிவு. பழைய மாஸ்டர்கள் ஓயும்போது அந்தச் சுர நோட்டுகள் பழைய பேப்பரோடு எடைக்குப் போகின்றன.

முடிவுரை

தீட்சிதரின் நோட்டுஸ்வரத்தை மேதைமை என்றும் பேண்டுக்காரரின் வாசிப்பை நகல் என்றும் பிரிக்க இசைக் காரணம் எதுவும் இல்லை. இரண்டிலும் செயல் ஒன்று. செய்தவர்களின் பிறப்பும் படிப்பும்தான் வேறு. எனவே உடனடியாகச் செய்ய வேண்டியவை மூன்று: மூத்த மாஸ்டர்களின் வாய்மொழி வரலாற்றைப் பதிவுசெய்வது, அவர்களுடைய சுர நோட்டுகளைப் படியெடுப்பது, இசைக் கல்லூரிப் பாடத்தில் நோட்டுஸ்வரத்துக்கு அடுத்த அத்தியாயமாகப் பேண்டை வைப்பது. அடிவாரத்தில் தொப்பியோடும் வெறுங்காலோடும் நிற்கும் அந்த மனிதர், தணிகைக்கும் கோட்டைக்கும் இடையே தீட்சிதர் போட்ட வழியில்தான் நடந்து வந்திருக்கிறார். அவரிடம் போய்க் கேட்டு எழுதிக்கொள்வது நம் கடமை.