வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு படம்

பித்தப்பைக் கல் ஆபரேஷன்னா எங்க நெல்லிக்குப்பத்துல இப்பல்லாம் யாரும் பெருசா பயப்படறதில்லை. "லேப்ராஸ்கோப்பி தானே, ரெண்டு நாள்ல வீட்டுக்கு வந்துடலாம்"னு டீக்கடையிலயே சொல்லிடுவாங்க. பெரும்பாலும் அது உண்மையும்கூட. ஆனா அதுக்குப் பின்னாடி ஒரு நீண்ட கதை இருக்கு மக்களே.

முதல்ல பைப் கனெக்ஷனைப் பார்த்துடுவோம். கல்லீரல்ல சுரக்குற பித்தநீர் வலது, இடதுன்னு ரெண்டு குழாய் வழியா வந்து ஒண்ணா சேருது. பித்தப்பையோட சின்னக் குழாய் அதுல வந்து இணையுது. அப்புறம் அது பொதுப் பித்தநாளமா சிறுகுடலுக்குப் போகுது. வெட்ட வேண்டியது சின்னக் குழாயை மட்டும்தான். மெயின் குழாயை வெட்டிட்டா மஞ்சள் காமாலை, சீழ், மறுபடி மறுபடி ஆபரேஷன்... சிலருக்குக் கல்லீரல் மாற்று வரைக்கும் போயிருக்கு.

1882-ல பெர்லின்ல கார்ல் லாங்கன்பூக் முதன்முதலா பித்தப்பையை முழுசா எடுத்தார். அடுத்த தலைவலி, மெயின் குழாய்க்குள்ள நழுவிப் போன கல். அதை விரலால தடவித்தான் கண்டுபிடிக்கணும், இல்லைன்னா குழாயைத் திறந்து பார்க்கணும். திறந்து பார்த்தா பல பேருக்கு உள்ள ஒண்ணுமே இருக்காது!

1924-ல அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ்ல கிரஹாம், கோல் ரெண்டு பேரும் மருந்து ஏத்தி பித்தப்பையை எக்ஸ்ரேல காட்டினாங்க. ஆனா அது ஆபரேஷனுக்கு முன்னாடி எடுக்குற படம். ஆபரேஷன் நடக்கும்போதே எடுத்தவர் அர்ஜென்டினாவின் கோர்டோபா நகரத்து பாப்லோ மிரிஸி. வருஷம் 1931. அவர் பயன்படுத்தின லிப்பியோடால், கசகசா எண்ணெயில அயோடின் சேர்த்தது (நம்ம குருமாவுக்கு அரைக்கிற அதே கசகசாதான் :-)). குழாய்க்குள்ள அதைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்தா மொத்த மேப்பும் தெரியும். கல் இருந்தா அந்த இடம் மட்டும் காலியாத் தெரியும். மேல்பக்கக் குழாய்கள் நிரம்பலைன்னா, "நிறுத்து, தப்பான குழாய்ல இருக்கே"ன்னு எச்சரிக்கை.

1985-ல ஜெர்மனியின் எரிக் மூஹே லேப்ராஸ்கோப்பி வழியா பித்தப்பையை எடுத்தார். அதே வருஷம்தான் நம்ம சிதம்பரத்துல ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கினாங்க. இந்தியாவுக்கு இந்த முறை 1990-ல மும்பை ஜே.ஜே. மருத்துவமனையில டாக்டர் உத்வாடியா மூலமா வந்தது. 1991-ல கோயம்புத்தூர்ல டாக்டர் சி. பழனிவேலு ஆரம்பிச்சார்.

தழும்பு சின்னதாச்சு, ஆனா விரல் போயிடுச்சு. தொட்டுப் பார்க்க முடியாது, திரையில தெரியறதுதான் எல்லாம். பழைய முறையில ஆயிரத்துக்கு ஒண்ணு ரெண்டுன்னு இருந்த குழாய்க் காயம், புது முறையில மூணுலேர்ந்து அஞ்சுன்னு ஏறிச்சு. 2003-ல லாரன்ஸ் வே குழுவினர் இப்படிப்பட்ட 252 காயங்களை அலசினாங்க. 97 சதவீதத்துல மூல காரணம் கண் ஏமாந்ததுதான், கைத்திறமைக் குறைவு இல்லை. மெயின் குழாயைப் பார்த்து, இதுதான் சின்னக் குழாய்னு மனசு முழுசா நம்பிடுது.

அதனாலதான் 1995-ல ஸ்ட்ராஸ்பெர்க் ஒரு விதி சொன்னார்: சுத்தியிருக்குற கொழுப்பை விலக்கு, பித்தப்பையோட அடிப்பகுதியைக் கல்லீரல்லேர்ந்து பிரி, பைக்குள்ள போறது ரெண்டே ரெண்டுன்னு தெரியற வரைக்கும் எதையும் வெட்டாதே. இப்போ இண்டோசயனின் கிரீன்னு ஒரு சாயமும் வந்திருக்கு. ரத்தத்துல ஏத்தினா பித்தத்துல கலந்து, அகச்சிவப்பு கேமராவுல குழாய் மினுங்கும். எக்ஸ்ரே வேண்டாம். ஆனா கொழுப்பு தடிமனா இருந்தா எடுபடாது.

எல்லாருக்கும் படம் எடுக்கணுமா, சந்தேகம் வந்தா மட்டுமான்னு சர்ஜன்களுக்குள்ள சண்டை இன்னும் ஓயலை. எனக்குப் படறது இதுதான்: கண் ஏமாந்தவனுக்கு சந்தேகமே வராதே! அப்புறம் எப்படி "சந்தேகம் வந்தா" எடுப்பான்?

இன்னொண்ணு. குழாய் சரியாத் தெரியலைன்னு டாக்டர் பாதியில வயித்தைத் திறந்து பண்ணினா, "லேப்ராஸ்கோப்பி தெரியாத டாக்டர்"னு ஊர்ல பேசாதீங்க. நிறுத்தத் தெரிஞ்ச கைதான் நல்ல கை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, பொட்டி தட்டுறவன். வயித்துவலிக்கு டாக்டரைத்தான் பார்க்கணும்.