பெரிய ஜி.டி. நாயுடு

கோயம்புத்தூர், ஈரோடு பக்கம் பொறந்தவங்களுக்கு இந்தத் திட்டு நல்லாத் தெரியும். வீட்டுல எவனாவது ரேடியோவையோ மோட்டாரையோ கழட்டிப் போட்டுட்டு முழிச்சான்னா, "ஆமா, இவரு பெரிய ஜி.டி. நாயுடு" அப்படின்னு ஒரு வார்த்தை வந்து விழும். நான் அதை எங்க அப்பா வாயால வாங்கினது 1992-ல். அப்ப எனக்கு இருபத்தி மூணு வயசு. திண்ணையில கோணிச் சாக்கு விரிச்சு, அது மேல என் டி.வி.எஸ். 50 எஞ்சின் பாகம் பாகமாக் கிடந்தது.

ரெண்டாங்கையா வாங்கின வண்டிங்க. காலையில பால் சொசைட்டிக்கு ரெண்டு கேன், பொழுதோட தோட்டத்துல இருந்து தீவனக் கட்டு, எல்லாம் அதுலதான். திடீர்னு இழுவை போயிருச்சு. மேடு வந்தா இறங்கித் தள்ளணும். டவுன்ல ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். போரே போச்சு, எல்லாம் மாத்தணும்னார். அவர் சொன்ன தொகை எங்களுக்குப் பதினஞ்சு நாள் பால் காசு. வண்டியைத் தள்ளிக்கிட்டே வீட்டுக்கு வந்துட்டேன். அப்பா கிணத்து ஆயில் எஞ்சினைக் கழட்டும்போது சின்ன வயசுல இருந்து கூட நின்னவன் நான். அந்தத் தைரியத்துல ஸ்பானரை எடுத்தேன்.

ஹெட்டைத் தூக்கினா உள்ள எல்லாம் கரி. புகை வெளியே போற ஓட்டையில பாதி அடைச்சிருந்தது. பெட்ரோலோட ஆயில் கலந்து ஊத்துற வண்டிக்கு இது வர்றதுதான். மூங்கில் சிம்பால சுரண்டினேன். அதோட விட்டிருக்கலாம். ரிங்குக்கு அடியிலயும் கரி இருக்கேன்னு ரிங்கை விரிச்சேன். பட்டுன்னு ரெண்டாப் போச்சு. அந்த நேரம் பார்த்துத்தான் அப்பா வந்தார்.

திட்டுற வார்த்தையில இருக்கிற அந்த மனுசன் யாருன்னு பட்டணத்துப் பிள்ளைகளுக்கு இப்பத் தெரியுமோ என்னமோ. கோபாலசாமி துரைசாமி நாயுடு. 1893-ல் சூலூர் பக்கம் கலங்கல் கிராமத்துல ஒரு விவசாயி வீட்டுல பொறந்தவர். பள்ளிக்கூடம் சின்ன வகுப்போட சரி. இளவட்டமா இருக்கும்போது ஒரு வெள்ளைக்கார அதிகாரி ரட்ஜ் மோட்டார் சைக்கிள்ல போறதைப் பார்த்துட்டார். மாடும் குதிரையும் இழுக்காம ஒரு வண்டி தானா ஓடுது. ஊரை விட்டுக் கோயம்புத்தூருக்குப் போய், ஓட்டல்ல சர்வரா வேலை செஞ்சு, காசு சேர்த்து அதே மாதிரி வண்டியை வாங்கினார். வாங்கினவர் ஓட்டிக்கிட்டுத் திரியல. பிரிச்சு மேஞ்சார். மறுபடி மாட்டினார். அவர் படிச்ச தொழில் படிப்பு அதுதான்.

இந்தக் கதையைச் சொல்றவங்க எல்லாரும் காசு சேர்த்ததைத்தான் பெருசாச் சொல்வாங்க. எனக்கு அது அவ்வளவு பெருசாத் தெரியல. எங்க பக்கத்துல காசு சேர்க்கத் தெரியாதவன் யாரு? சேர்த்த மொத்தக் காசும் திண்ணையில சாமான் சாமானாக் கிடக்கிறப்ப அவருக்கு ராத்திரி தூக்கம் வந்திருக்குமா? நான் நினைக்கிறது அதைத்தான்.

ரட்ஜ் கம்பெனி இங்கிலாந்துல கவென்ட்ரி ஊர்ல இருந்தது. முதல்ல சைக்கிள் செஞ்சவங்க, 1911-ல் மோட்டார் சைக்கிள் விக்க ஆரம்பிச்சாங்க. ஒரே சிலிண்டர், கிட்டத்தட்ட 500 சி.சி. எஞ்சின்ல இருந்து பின் சக்கரத்துக்குச் செயின் கிடையாது, பெல்ட்டுதான். நம்ம ரைஸ் மில்லுல ஓடுமே, அந்த மாதிரி. எஞ்சினுக்கு ஆயில் தானாப் போகாது, ஓட்டுறவரே அப்பப்ப கைப் பம்பால அடிச்சு விடணும். கூடுதலா அடிச்சா புகையும், கரி பிடிக்கும். குறைச்சு அடிச்சா பிஸ்டன் பிடிச்சுக்கும். அதனால அந்தக் காலத்து வண்டிகளை அடிக்கடி திறந்து கரி எடுத்தே ஆகணும். வண்டி வெச்சிருக்கிறவன் பாதி மெக்கானிக்காவும் இருக்கணும்.

அங்கே இருந்தவங்களுக்காவது கேட்டுத் தெரிஞ்சுக்க ஆள் உண்டு, கடை உண்டு. இவருக்கு? ஒரு ரிங் உடைஞ்சா கப்பல்ல வரணும். வால்வை எடுத்த பல் மாறி மாட்டிட்டா ஏன் ஸ்டார்ட் ஆகலன்னு சொல்ல ஆள் இல்லை. கழட்டுறது யாரு வேணா செய்வாங்க, நானே செஞ்சேன். மாட்டி ஓட வெச்சார் பாருங்க, அங்கதான் அவர் வேற ஆள்.

அப்புறம் பஞ்சு வியாபாரத்துல இறங்கிக் கையைச் சுட்டுக்கிட்டார். ஸ்டேன்ஸ் துரை உதவியில ஒரு பஸ் வாங்கி, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் தானே ஓட்டினார். அது யு.எம்.எஸ். கம்பெனியா வளர்ந்தது. 1930களில் பைக்காரா கரண்ட் கோயம்புத்தூருக்கு வந்தது. 1937-ல் பாலசுந்தரம் நாயுடுவோட சேர்ந்து இவர் செஞ்ச மோட்டாரைத்தான் இந்தியாவுலயே செஞ்ச முதல் மின் மோட்டார்னு சொல்றாங்க. இன்னைக்கு என் கிணத்துல ஓடுற மோட்டாருக்கும் வேர் அங்கதான் இருக்கு. 1945-ல் எஞ்சினீயரிங் காலேஜ் வர்றதுக்கும் கொடை கொடுத்தார். ஆனா பையன்களை இத்தனை வருசம் உட்கார வெக்க வேண்டாம், ரெண்டு வருசம் போதும்னு சண்டை போட்டார். கைவேலையில பழகினவருக்கு அப்படித்தான் தோணும். நான் அந்த விசயத்துல முழுசா அவர் கட்சி இல்லீங்க. படிச்சிருந்தா ரிங் உடைஞ்சிருக்காது.

உடைஞ்ச ரிங்குக்கு வருவோம். மறுநாள் பால் கேனை அப்பா சைக்கிள்ல கட்டிக்கிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசல. நான் பஸ் ஏறி ஈரோடு போனேன். கடைக்காரர், "ஸ்டாண்டர்டா, ஓவர் சைஸா?" அப்படின்னார். முழிச்சேன். "பிஸ்டன் தலையில நம்பர் இருக்கும் தம்பி, பார்த்துட்டு வா." திரும்ப வந்து தலையில இருந்த கரியை மண்ணெண்ணெய் விட்டுத் துடைச்சா, 25-ன்னு இருக்கு. மில்லிமீட்டர்ல கால்வாசி பெரிய சைஸ். எனக்கு முன்னாடி வெச்சிருந்தவர் ஒரு தடவை போர் பண்ணியிருக்கார். மறுபடியும் பஸ்.

ரிங் போடுற பள்ளத்துல சின்னதா ஒரு முளை இருக்கும். ரிங்கோட ரெண்டு முனையும் அதுக்கு ரெண்டு பக்கமும் உட்காரணும். இல்லைன்னா ரிங் சுத்திப் போய் ஓட்டையில மாட்டி மறுபடி உடையும். அதைக் கண்டுபிடிக்கவே எனக்கு ஒரு மத்தியானம் போச்சு. புது பேக்கிங் வெச்சு, நட்டுகளை எதிரும் புதிருமா முடுக்கினேன். பெடல் போட்டுப் போட்டுக் கால் ஓஞ்சு போச்சு. சாயங்காலம் விளக்கு வெக்கிற நேரத்துல ஒரு இருமல், அப்புறம் பிடிச்சுக்கிச்சு. வாசல் முழுக்க வெள்ளைப் புகை. அம்மா மாட்டை அவுத்துத் தள்ளிக் கட்டினாங்க.

அப்பா வந்து பார்த்தார். ரெண்டு கேனையும் எடுத்து வண்டி பக்கத்துல வெச்சுட்டு உள்ளே போயிட்டார்.

நாலஞ்சு நாள் கழிச்சு பக்கத்துத் தோட்டத்து அண்ணன் தன்னோட வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்து நின்னார். "மாமாதான் சொன்னாரு, வூட்டுல ஒரு ஜி.டி. நாயுடு இருக்கான், கொண்டு போன்னு." அந்த வண்டி ஹெட்டுல ஒரு மரையை நான் ஒழிச்சுட்டேன். அது வேற கதைங்க.