நாடித் துடிப்புக்கு வரம்பு கட்டிய கதை: தாம்பரம் வட்டாரத்திலிருந்து ஒரு பார்வை

உடற்பயிற்சியை மருந்து போல அளந்து கொடுக்கும் வழக்கத்தை முறைப்படுத்தியவர்களில் காசநோய் மருத்துவர்களுக்குத் தனி இடம் உண்டு. இங்கிலாந்தின் ஃப்ரிம்லி சானடோரியத்தில் 1905 முதல் மார்கஸ் பேட்டர்சன் நோயாளிகளை முதலில் நடக்கவிட்டார். பிறகு கூடையில் மண் சுமக்க வைத்தார். அங்கே அளவுகோல் வெப்பமானி. காய்ச்சல் கண்டால் படுக்கை. மென்டிப் குன்றுகளில் சானடோரியம் நடத்திய டாக்டர் சவுரிமுத்துவும் அந்தத் தலைமுறைதான். கணிதமேதை ராமானுஜன் 1917இல் அங்கே சிகிச்சை பெற்றார். 1928இல் சவுரிமுத்து தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம்தான், திருநீர்மலைக்காரர்கள் ரயிலேறும் நிலையம் ஒன்றுக்குப் பெயர் தந்தது.

அதே சானடோரியம் பகுதியில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் வந்தது. சித்த மருத்துவர் மூன்று விரல் வைத்து வளி, அழல், ஐயம் என நாடியின் நடையைப் பார்ப்பார். நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணும் பழக்கம் வேறு மரபு. ஒரு நிமிடம் ஓடும் கடிகாரத்தைச் செய்வித்து, 1707இல் அதைப் பற்றி நூலும் எழுதிய ஜான் ஃப்ளோயர் அதற்கு வழி போட்டார்.

பயிற்சியின்போது இதயம் எவ்வளவு வேகமாகத் துடிக்க முடியும் என்பதை 1938இல் ஹார்வர்டு களைப்பு ஆய்வகத்தில் சிட் ராபின்சன் அளந்தார். சிறுவர் முதல் முதியவர் வரை ஆண்களை ஓடவிட்டபோது, வயது ஏற ஏற உச்சத் துடிப்பு குறைவது தெரிந்தது. 1957இல் பின்லாந்தின் மார்ட்டி கார்வோனன் குழு இளைஞர்கள் சிலரை டிரெட்மில்லில் பழக்கியது. உச்சத் துடிப்பிலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்தால் வரும் 'கையிருப்பில்' இவ்வளவு சதவீதம் என்று இலக்கு வைக்கும் முறைக்கு அந்த ஆய்வே வேர்.

எல்லோர் வாயிலும் இன்று புழங்கும் '220 கழித்தல் வயது' 1970 வாக்கில் அமெரிக்காவில் உருவானது. சாமுவேல் ஃபாக்ஸும் வில்லியம் ஹாஸ்கலும் ஏற்கெனவே வெளிவந்திருந்த பத்துப் பன்னிரண்டு ஆய்வுகளின் புள்ளிகளைப் பார்த்துக் கண்ணளவில் கோடு இழுத்தார்கள். அந்தப் புள்ளிகளுக்கு உரியவர்களில் பெரும்பாலோர் 55 வயதுக்கு உட்பட்டவர்கள். மக்களின் பயிற்சியை ஆளும் விதியாக அதை நினைக்கவே இல்லை என்று ஹாஸ்கல் பிற்காலத்தில் சொன்னார். ஆனால் ஜிம் சுவர் அட்டைக்கும் கைக்கடிகாரத்துக்கும் அந்தத் தயக்கம் போய்ச் சேரவில்லை.

2001இல் ஹிரோஃபுமி தனாகா குழு 351 ஆய்வுகளைத் திரட்டி, 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கச் சொன்னது. 40 வயதில் இரண்டு கணக்கும் 180தான். 70 வயதில் பழையது 150, புதியது 159. பெண்களுக்கென மார்த்தா குலாட்டி குழு 2010இல் தனிச் சூத்திரம் தந்தது: 206இலிருந்து வயதின் 0.88 மடங்கு. எந்தச் சூத்திரமானாலும் ஒரே வயதுள்ள இருவருக்குள் பத்து, பதினைந்து துடிப்பு வேறுபாடு சாதாரணம்.

சூத்திரத்தைவிடப் பெரிய குழப்பம் சதவீதத்தில் இருக்கிறது. வயது 55, ஓய்வுத் துடிப்பு 72 என்று வைத்துக்கொள்வோம். பழைய கணக்கில் உச்சம் 165. அதில் 60 சதவீதம் 99. கையிருப்பில் 60 சதவீதம் எடுத்து 72ஐக் கூட்டினால் 128. இரண்டையும் 'அறுபது சதவீதம்' என்றே அச்சடிக்கிறார்கள். திருநீர்மலையில் ரங்கநாதரைச் சேவிக்கப் படியேறுபவருக்கு 99 பாதி வழியிலேயே தாண்டிப்போகும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. அடிவாரத்து நீர்வண்ணப் பெருமாளோடு தரிசனத்தை முடித்துக்கொள்ளவும் வேண்டாம். மூச்சு வாங்கினாலும் பக்கத்தில் வருபவரோடு பேச முடிகிறதா என்று பார்ப்பது பல நேரம் போதும்.

ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், மெட்டோபுரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இந்தச் சூத்திரங்கள் பொருந்தா. மருந்தே துடிப்பை அடக்கிவிடும். நெஞ்சுவலி உள்ளவர்களுக்கு எண் வேறு வழியில் கிடைக்கிறது. 1963இல் சியாட்டிலின் ராபர்ட் புரூஸ் வகுத்த முறையில், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூட்டி டிரெட்மில் பரிசோதனை (டி.எம்.டி.) எடுக்கிறார்கள். எந்தத் துடிப்பில் ஈ.சி.ஜி. மாறுகிறதோ, அதற்குப் பத்துத் துடிப்பு கீழே மருத்துவர் வரம்பு வைக்கிறார். அங்கே வயதைக் கழிக்கும் வேலையே இல்லை.