சீருடை

சீருடை (பெயர்ச்சொல்): சீர் + உடை. ‘யூனிஃபார்ம்’ என்பதற்கு ஈடாகத் தமிழில் நிலைத்த சொல். யூனிஃபார்மின் லத்தீன் வேர் ‘ஒரே வடிவம்’ என்று சொல்கிறது. தமிழ்ச் ‘சீர்’ விரிந்த சொல்: அழகு, சிறப்பு, ஒழுங்கு, தாய்வீட்டுச் சீர்வரிசை எல்லாம் அதில் அடங்கும். யாப்பிலும் தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என வெவ்வேறு ஓசையுள்ள சீர்கள் கூடி ஓர் அடி அமையலாம்.

எல்லோரும் ஒரே வடிவம் ஆகிவிடுவோமோ என்ற அச்சத்தை நாவலாக்கியவர் ரஷ்யாவின் யெவ்கெனி ஸம்யாத்தின். 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்த அவருடைய ‘நாம்’ நாவலில் எல்லோருக்கும் ஒரே உடை, பெயருக்குப் பதில் எண். கதைசொல்லி டி-503. ஆர்வெல்லின் ‘1984’ நாவலில் நாயகன் வின்ஸ்டன் அணிவது ஆளும் கட்சியின் நீல ஓவரால்.

திருப்பூர் பனியன் கம்பெனியில் எண்ணுக்கு வேறு வேலை. கட்டிங் மேசையில் அடுக்காக வெட்டிய முன்பக்கம், பின்பக்கம், கை எல்லாவற்றிலும் ஸ்டிக்கர் எண் ஒட்டுவார்கள். ஒரே எண் உள்ளவைதான் ஒரே சட்டையாகச் சேர வேண்டும். ஒரே கலர் என்றாலும் சாயம் லாட்டுக்கு லாட் கொஞ்சம் மாறும். மாற்றித் தைத்தால் ஷேடு காட்டிக்கொடுத்துவிடும்.

வழக்கு: பள்ளிச் சீருடை, சீருடைப் பணியாளர். போலீஸ் சீருடையில் மார்பில் பெயர்ப்பட்டையும் உண்டு.