தைத்துச் சேர்த்த வரலாறு: டிரான்ஸ்ஃபார்மர்ஸ் கதையுலகில் தொடர்ச்சி உருவான விதம்

1984இல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகள் ஒரே குடும்பத்தில் பிறந்தவை அல்ல. ஜப்பானின் டகாரா நிறுவனம் 1980இல் தொடங்கிய டயக்ளோன், 1983இல் கொண்டுவந்த மைக்ரோ சேஞ்ச் ஆகிய வரிசைகளிலிருந்து ஹாஸ்ப்ரோ அவற்றைத் திரட்டியது. டயக்ளோன் ரோபோக்கள் உள்ளே குட்டி ஓட்டுநர் அமர்ந்து இயக்கும் எந்திரங்கள். மைக்ரோ சேஞ்ச் ரோபோக்களோ துப்பாக்கி, கேசட் பிளேயர் என்று அன்றாடப் பொருள்களாகவே மாறுபவை. லாரியாகும் ஆப்டிமஸ் பிரைம் முன்னதிலிருந்தும், கைத்துப்பாக்கியாகும் மெகாட்ரான் பின்னதிலிருந்தும் வந்தனர். கார்ட்டூனில் மெகாட்ரான் திடீரெனச் சுருங்கி இன்னொரு ரோபோவின் கைக்குள் அடங்கும் விந்தைக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

பொருந்தாத இவற்றைக் கதைதான் பொருத்தியது. மார்வெலின் ஜிம் ஷூட்டர் பின்கதையை வகுத்தார். பெரும்பாலான பெயர்களையும் குணச்சித்திரங்களையும் பாப் புடியான்ஸ்கி எழுதினார். அந்த ஒரே மூலத்திலிருந்து காமிக்ஸும் கார்ட்டூனும் பிரிந்து வளர்ந்தன. கார்ட்டூனில் ரோபோக்களைத் தொழிற்சாலையில் செய்தவர்கள் குவின்டெசன்கள். சைமன் ஃபர்மன் எழுதிய காமிக்ஸிலோ பிரைமஸ் என்னும் தெய்வமே சைபர்ட்ரான் கோளாகி அவர்களைப் படைத்தது. இரண்டையும் ஒருசேர ஏற்க வழியில்லை. 1987இல் ஜப்பான், அமெரிக்கத் தொடரின் கடைசி மூன்று பகுதிகளை ஒதுக்கிவிட்டு 'ஹெட்மாஸ்டர்ஸ்' எனத் தனிவழி போயிற்று.

இந்த வரலாற்றின் திருப்புமுனை, என் கணிப்பில், 1996இல் தொடங்கிய 'பீஸ்ட் வார்ஸ்'. விலங்குகளாக மாறும் புதிய ரோபோக்கள், பெயர் தெரியாத ஒரு கோள், வானில் இரண்டு நிலவுகள்: பழைய கதையோடு ஒட்டும் உறவும் இல்லாததாகவே அது தோன்றியது. முதல் பருவத்தின் முடிவில் நிலவுகளில் ஒன்று வேற்றுலகினரின் ஆயுதம் என்று தெரிந்து அழிகிறது. மிஞ்சுவது ஒற்றை நிலவு. அந்தக் கோள் ஆதிகாலப் பூமி. அடுத்த பருவத்தில், பழைய ரோபோக்களைப் பூமிக்குக் கொண்டுவந்து எரிமலைக்குள் புதைந்த ஆர்க் கப்பலைக் கண்டுபிடிக்கும் புதிய மெகாட்ரான், உள்ளே உறங்கும் ஆப்டிமஸ் பிரைமைச் சுட்டு வரலாற்றையே மாற்றத் துணிகிறான். கதைப் பொறுப்பாளர்கள் பாப் ஃபார்வர்டும் லாரி டிடில்லியோவும் தேர்ந்த இடம் அருமையானது. ஆர்க் மோதி விழுந்ததும் அதிலிருந்தவர்கள் 1984இல் விழித்ததும் காமிக்ஸ், கார்ட்டூன் இரண்டுக்கும் பொது. எதைப் படித்தோ பார்த்தோ வளர்ந்தவரும் அதைத் தம் கதையாகவே கொள்ளலாம். 1986 திரைப்படத்தில் மடிந்து, பின்னர் கார்ட்டூனில் ஆவியாகத் திரிந்த பழைய ரோபோ ஸ்டார்ஸ்க்ரீமும் இத்தொடரில் புதிய ரோபோ வாஸ்பினேட்டரின் உடலுக்குள் புகுகிறான். ஒரு விளையாட்டான பேய்க்கதை இப்படி வரலாற்றுச் சான்றாகிவிட்டது.

ஹாஸ்ப்ரோ 2010இல் மேலிருந்து திட்டமிட்டு ஒரு தொடர்ச்சியைக் கட்ட முயன்றது. 'வார் ஃபார் சைபர்ட்ரான்' விளையாட்டு, 'எக்ஸோடஸ்' நாவல், 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பிரைம்' தொடர் மூன்றுக்கும் ஒரே வரலாறு என்றார்கள். நடைமுறையில் விவரங்கள் ஒன்றோடொன்று முட்டின. சிறு குழந்தைகளுக்கான 'ரெஸ்கியூ பாட்ஸ்' கூட அதே உலகில் நடப்பதாகச் சொல்லப்பட்டபோது, போரின் துயரமும் குழந்தைத் தொடரின் குதூகலமும் ஒட்டவில்லை. இப்படிப் பொதுவாக வகுத்த வரலாறு தகவலைத் தரலாம். எந்த முடிச்சைப் பற்ற வேண்டும் என்பதை எழுதுபவரே கண்டுகொள்ள வேண்டியிருக்கிறது.

2023இல் ராபர்ட் கிர்க்மன் தொடங்கிய 'வாய்ட் ரைவல்ஸ்' காமிக்ஸின் முதல் இதழில், எந்த முன்னறிவிப்பும் இன்றிப் பழைய ரோபோ ஜெட்ஃபயர் தோன்றியபோதுதான் அது டிரான்ஸ்ஃபார்மர்ஸின் உலகம் என்பது வாசகருக்குப் புரிந்தது. அதைத் தொடர்ந்து டேனியல் வாரன் ஜான்சன் எழுதி வரைந்த புதிய காமிக்ஸ், எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல முனைந்தும், தன் ரோபோக்களை ஆர்க் கப்பலுக்குள்ளிருந்தே எழுப்பியது.