பாலடின் ஆக மனிதனாகப் பிறந்திருக்க வேண்டும்

எங்கள் ஞாயிறு வாசிப்பு வட்டத்துக்கு வரும் மாணவர்களில் நாலைந்து பேர் கூட்டம் முடிந்ததும் கலைய மாட்டார்கள். மூலையில் உட்கார்ந்து பகடை உருட்ட ஆரம்பித்துவிடுவார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசுவார்கள், வெற்றி தோல்வியைப் பகடை முடிவு செய்யும். எனக்கு இதில் ஆர்வம் இருந்ததில்லை. ஒருநாள் அவர்களில் ஒருவர் 1978ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தின் ஒரு பக்கத்தைப் போனில் காட்டினார். ஓர் அட்டவணை. இடப்பக்கம் தொழில்கள். மேலே பிறப்பு. கட்டங்களில் எண்கள், சில கட்டங்களில் 'இல்லை'.

"எங்கேயோ பார்த்த மாதிரி இல்லையா தோழர்?" என்றார்.

பார்த்த மாதிரிதான் இருந்தது. அதனால் தேடிப் படித்தேன்.

இந்த விளையாட்டு 1974இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன். பாத்திரத்தின் தொழிலுக்கு 'கிளாஸ்' என்று பெயர்: போர்வீரன், மந்திரவாதி, குருமார். (கிளாஸை 'வர்க்கம்' என்று மொழிபெயர்த்தால் மார்க்சியத் தோழர்கள் சண்டைக்கு வருவார்கள். 'வகுப்பு' என்றால் நம் வரலாற்றில் வகுப்புவாரி உரிமை என்று சாதியைக் குறிக்கவே அந்தச் சொல் புழங்கியிருக்கிறது. ஆகவே கிளாஸ் கிளாஸாகவே இருக்கட்டும்.) பாத்திரத்தின் பிறப்புக்கு 'ரேஸ்' என்று பெயர்: மனிதர், எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங். விளையாட விளையாட அனுபவம் சேர்ந்து லெவல் ஏறும்.

எல்லோருக்கும் ஏறாது என்பதுதான் விஷயம். 1974 விதிப்படி ட்வார்ஃப் போர்வீரனாக மட்டுமே இருக்கலாம், அதுவும் 6ஆம் லெவலோடு நிற்க வேண்டும். ஹாஃப்லிங்குக்கு 4. எல்ஃப் போர்வீரனாக 4 வரை, மந்திரவாதியாக 8 வரை. மனிதனுக்கு எல்லை கிடையாது.

அடுத்த ஆண்டு வந்த 'கிரேஹாக்' என்ற இணைப்புநூலில் இரண்டு புதிய கிளாஸ்கள் சேர்ந்தன. ஒன்று பாலடின், அறம் காக்கும் வீரன். தொட்டால் காயம் ஆறும், நோய் அண்டாது. சார்லமேன் பேரரசரின் பன்னிரு வீரர்களைப் பற்றிய ஐரோப்பியக் கதைகளிலிருந்து வந்த பெயர் அது. விளையாட்டின் மிக உன்னதமான அந்தத் தொழில் மனிதர்களுக்கு மட்டுமே.

இன்னொன்று திருடன். அந்தத் தொழிலில் ட்வார்ஃப், எல்ஃப், ஹாஃப்லிங் எல்லோரும் எல்லையின்றி ஏறலாம்!

இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். 1871இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தை வெள்ளையர்கள் 1911இல் சென்னை மாகாணம்வரை விரித்து, பிறந்த குழந்தையையே குற்றவாளிப் பட்டியலில் வைத்த ஊர் நம்முடையது. கைகாக்ஸுக்கு அது தெரிந்திருக்காது, தெரிந்திருக்க வேண்டியதுமில்லை. ஆனால் எந்தக் கதவைப் பூட்டுவது, எதைத் திறந்துவைப்பது என்று ஒருவர் மேசையில் உட்கார்ந்து யோசிக்கும்போது, கை போகிற திசை வியப்பாக ஒன்றாகவே இருக்கிறது.

1978 புத்தகத்தில் அட்டவணை இன்னும் விரிந்தது. ஹாஃப்-ஆர்க் என்ற கலப்பினம் புதிதாக உள்ளே வந்தது. குருமாராக 4, போர்வீரனாக 10, திருடனாகக்கூட 8. எல்லையில்லாமல் திறந்திருந்தது ஒன்றே ஒன்று: கூலிக்குக் கொலை செய்பவன். அதே புத்தகத்தில் எந்த இனம் எந்த இனத்தை எப்படிப் பார்க்கும் என்றும் ஓர் அட்டவணை உண்டு. நல்லெண்ணம், சகிப்பு, வெறுப்பு என்று எழுத்துகளால் குறித்திருப்பார்கள். ட்வார்ஃப் எல்ஃபை விரும்பாது. ட்வார்ஃபும் ஹாஃப்-ஆர்க்கும் ஒன்றையொன்று வெறுக்கும். மனிதனிடம் ட்வார்ஃபுக்கு எந்தக் கோபமும் கிடையாது, நடுநிலை. உச்சியில் இருப்பவனை விட்டுவிட்டு, தடுக்கப்பட்டவர்கள் தங்களுக்குள் முறைத்துக்கொள்கிறார்கள். படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் சொன்னதை வகுப்பெடுக்க இனி எனக்குத் தனியாக வரைபடம் வேண்டாம்.

ஏன் இந்த எல்லைகள் என்ற கேள்விக்கு அன்று சொல்லப்பட்ட பதில்கள் இரண்டு. விளையாட்டின் உலகம் மனிதர்களை மையமாகக் கொண்டது, எல்லை இல்லாவிட்டால் நீண்ட ஆயுள் கொண்ட எல்ஃப்கள் அல்லவா அதை ஆண்டிருக்கும் என்பது முதலாவது. இரண்டாவது, சமநிலை. மற்ற இனங்களுக்கு இருட்டில் பார்க்கும் கண் இருக்கிறது, ஒரே நேரத்தில் இரண்டு கிளாஸ் எடுக்கும் சலுகை இருக்கிறது, ஆகவே மேலே ஏறுவதில் ஒரு வரம்பு நியாயம்தானே?

இந்த இரண்டாவது வாதத்தை நன்றாகக் கவனியுங்கள். சலுகை ஆரம்பத்திலேயே கண்ணுக்குத் தெரியும், தடை பல மாதங்கள் விளையாடியபின்தான் தெரியும். கூட விளையாடும் மனித வீரன் 9, 10 என்று ஏறிக்கொண்டிருக்க நீங்கள் அதே படியில் நின்றிருப்பீர்கள். அரசு வேலையில் நுழைந்த நம் முந்தைய தலைமுறையிடம் கேட்டால் இதை விதிப்புத்தகம் இல்லாமலே சொல்வார்கள். 1992இல் இந்திரா சஹானி வழக்கில் பதவி உயர்வில் இடஒதுக்கீடு கூடாது என்று உச்சநீதிமன்றம் சொன்னதும், அதைத் தாண்ட 1995இல் 77ஆவது அரசியல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டதும் இந்த இடத்தில்தான். உள்ளே விட்டாகிவிட்டதே, இன்னும் என்ன என்ற கேள்வி அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது.

1981இல் வந்த எளிய பதிப்பு இன்னும் வெளிப்படையானது. அதில் எல்ஃப், ட்வார்ஃப், ஹாஃப்லிங் என்பதே கிளாஸ். மனிதனாக இருந்தால் என்ன தொழில் என்று கேட்பார்கள், ட்வார்ஃபாக இருந்தால் கேட்க மாட்டார்கள். பிறப்பே தொழில். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு எல்லைகளை உயர்த்தியது, எடுக்கவில்லை. பாலடின் அப்போதும் மனிதனே.

2000இல்தான் உடைந்தது. விளையாட்டை வெளியிட்ட டி.எஸ்.ஆர். நிறுவனத்தை 1997இல் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியிருந்தது. மாண்டி குக், ஜொனாதன் ட்வீட், ஸ்கிப் வில்லியம்ஸ் மூவரும் வடிவமைத்த மூன்றாம் பதிப்பு, எந்தப் பிறப்பும் எந்தக் கிளாஸும் எடுக்கலாம், லெவல் எல்லை யாருக்கும் இல்லை என்றது. 1975இலிருந்து 25 ஆண்டுகள். 'சமநிலை' குலைந்து விளையாட்டு அழிந்துபோகவில்லை.

ஆனால் சட்டம் திறந்த கதவுக்குள் ஹாஃப்-ஆர்க் நுழைந்து பார்த்தால் வேறொன்று காத்திருந்தது. பாலடினின் அருளாற்றல் பெரும்பாலும் 'கரிஸ்மா' என்ற திறனை நம்பியது, அதாவது ஆளுமை. அதே மூன்றாம் பதிப்பில் ஹாஃப்-ஆர்க்காகப் பிறந்தால் கரிஸ்மாவில் 2 குறையும், அறிவிலும் 2 குறையும், உடல் வலு மட்டும் 2 கூடும். போதாததற்கு ஒவ்வோர் இனத்துக்கும் 'விருப்பக் கிளாஸ்' ஒன்று உண்டு. ஹாஃப்-ஆர்க்குக்கு அது காட்டுமிராண்டி, ஹாஃப்லிங்குக்கு அதே பழைய திருடன், பெயர் மட்டும் மாறியிருந்தது. மனிதனுக்கு எது வேண்டுமானாலும். தடை போய், 'உனக்கு இது வராது' என்ற கணக்கு வந்தது. நுழைவுத்தேர்வுக் கூடங்களில் நாம் கேட்கும் 'தகுதி' என்ற சொல் எப்படி வேலை செய்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை.

2008இல் வந்த நான்காம் பதிப்பு இந்தக் கழித்தலை எடுத்துவிட்டது. 2020இல் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலைக்குப்பின் அமெரிக்கா கொந்தளித்தபோது, ஆர்க்குகளைப் பிறவித் தீயவர்களாகச் சித்திரித்ததை மாற்றுவோம் என்று நிறுவனம் அறிக்கை விட்டது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த நூல் ஒன்று, பிறப்பு தரும் கூடுதல் மதிப்பெண்ணை எந்தத் திறனுக்கு வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ள வழிசெய்தது. 2024 புத்தகத்தில் 'ரேஸ்' என்ற சொல்லே போய்விட்டது, 'ஸ்பீஷிஸ்' என்று ஆகிவிட்டது. (இது முன்னேற்றமா என்பதில் எனக்குச் சந்தேகம். ஒரு விளையாட்டுக் கம்பெனி சொல்லை மாற்றினால் விற்பனைத் துறையும் கூட இருந்திருக்கும்.) ஆர்க் இனி முழு ஆர்க்காகவே பாலடின் ஆகலாம்.

கூடுதல் மதிப்பெண் எங்கே போயிற்று? பாத்திரத்தின் 'பின்னணி'க்கு. நீ என்ன வேலை செய்து வளர்ந்தாய் என்பதற்கு. பிரபு என்றால் வலு, அறிவு, கரிஸ்மா மூன்றில் கூட்டிக்கொள்ளலாம். விவசாயி என்றால் வலு, உடலுறுதி, விவேகம். அறிவு அந்தப் பட்டியலில் இல்லை.

போன வாரம் அட்டவணை காட்டிய அதே மாணவர் புதிய பாத்திரம் எழுதிக்கொண்டிருந்தார். ஆர்க், மந்திரவாதி, பண்ணையில் நாற்று நட்டவளின் மகள். மந்திரவாதிக்கு வேண்டியது அறிவு. விவசாயிப் பின்னணியில் அதற்குக் கூடுதல் கிடையாது, பகடையில் விழுந்ததோடு சரி. "அப்போ பிரபுன்னு எழுதிக்கவா தோழர்?" என்று கேட்டார். பக்கத்தில் கதை நடத்துபவராக உட்கார்ந்திருந்த பெண் அவர் கையிலிருந்து தாளை வாங்கி, பின்னணி என்ற கட்டத்தில் 'விவசாயக் கூலி' என்று எழுதினார். அதற்குக் கீழே மூன்று திறன்களையும் அவரே எழுதினார்: உடலுறுதி, விவேகம், அறிவு. நடுவர் புதிய பின்னணி உருவாக்கலாம் என்று விதியிலேயே இடம் இருக்கிறதாம்.