சுருங்கிய கறுப்பின் வரலாறு

1962ஆம் ஆண்டில், இங்கிலாந்தின் ஆபிங்டன் ஊரிலிருந்த எம்.ஜி. தொழிற்சாலை ‘எம்.ஜி.பி.’ என்னும் திறந்த காரை வெளிக்கொணர்ந்தது. வேகமானியும் பிற கருவிகளும் பதிந்திருந்த அதன் எஃகு டாஷ்போர்டைத் தொட்டுப் பார்த்தால் வழுவழுப்பாக இராது. கறுப்புப் பூச்சு முழுவதும் நுண்ணிய சுருக்கங்கள். உலர்ந்த பேரீச்சம்பழத்தின் தோலைப் போல எனலாம். வெயில் பட்டாலும் ஓட்டுபவரின் கண்ணில் ஒளி தெறிக்காது. தகட்டின் சிறு குறைகளும் வெளியே தெரியா.

இச்சுருக்கம் முதலில் எவரும் விரும்பிப் பெற்றதன்று. வார்னிஷ் காய்ச்சுவோருக்குத் தலைவலியாயிருந்த பழுது அது. சீனத்து மலைச்சரிவுகளில் வளரும் டங் மரத்தின் விதையிலிருந்து எடுக்கும் எண்ணெய் விரைந்து உலர்வது. அதைப் பக்குவமாகக் காய்ச்சாமல் வார்னிஷில் சேர்த்தால், காற்றுப்படும் மேற்பரப்பு முதலில் தோலாக இறுகும். காற்றிலுள்ள பிராணவாயுவை உட்கொண்டு அத்தோல் விரிய முயலும். அடிப்பகுதியோ இன்னும் இளகியே இருக்கும். விரிய இடமில்லாத தோல் மடிப்பு மடிப்பாக எழும்பிவிடும். 1920களிலும் 1930களிலும் அமெரிக்கப் பூச்சுத் தொழிலார் இப்பழுதையே வேண்டுமென்று வரவழைக்கக் கற்றுக்கொண்டனர். கோபால்ட் உப்பைக் கலந்து மேற்பரப்பை விரைவில் உலரச் செய்து, பின்னர்ச் சூடேற்றினர். தட்டச்சுப் பொறிகளும் வானொலிக் கருவிகளும்கூட இப்போர்வையை அணிந்தன.

அவ்வெண்ணெய் போர்க்காலத்தில் பெற்ற மதிப்பை இங்கே சொல்லாமல் இருக்கவியலாது. 1938 அக்டோபரில் கான்டனும் ஹாங்கோவும் ஜப்பானியர் கைப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்கா சீனாவுக்கு 2.5 கோடி டாலர் கடன் தருவதாக அறிவித்தது. அதற்கு ஈடாகச் சீனா தர இசைந்தது பொன்னன்று, டங் எண்ணெய்!

அமெரிக்கப் பாதுகாப்பு விதிகளின் காரணமாக, 1968ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து அந்நாட்டுக்குச் சென்ற எம்.ஜி.பி. கார்களில் எஃகுப் பலகைக்குப் பதிலாகத் தடித்த மெத்தைப் பலகை வந்தது. ‘ஆபிங்டன் தலையணை’ என்று அதனைக் கேலி செய்தவர் பலர். பொருட்களை வைக்கும் சிற்றறையும் அதனால் போயிற்று.

பழைய எஃகுப் பலகையைப் புதுப்பிக்க முனைவோர் முந்தைய பூச்சை வெறுந்தகடு தெரியும்வரை களைய வேண்டும். மேலேயே பூசினால் பள்ளங்கள் நிரம்பி, சுருக்கம் மழுங்கிவிடும். சில நிமிட இடைவெளியில் நெடுக்காகவும், குறுக்காகவும், பின் சாய்வாகவும் மும்முறை தெளித்து, எங்கும் ஒரே சீராகச் சூடேற்றுவர். ஓரிடத்தில் பூச்சு தடித்தால் அங்கே சுருக்கமும் பெரிதாகும்.

பலர் தவறுவது இங்கேதான். கண்ணைக் கவரும் பருத்த சுருக்கத்தைப் பெற்று மகிழ்ந்துவிடுகின்றனர். அது அழகாயிருக்கலாம், 1962ஆம் ஆண்டினதாகாது. மூலப் பூச்சு மென்மையானது. கருவி வட்டங்களின் விளிம்புக்கு அடியில், வெயிலும் கையும் படாமல், அதன் சிறு துண்டு எஞ்சியிருப்பதுண்டு. களையும் மருந்தைத் தொடுமுன் அதைத் தேடிக் கண்டு, ஒரு விரற்கடை அளவேனும் சுரண்டாமல் விட்டுவைத்து, புதிய பூச்சைத் தனித் தகட்டில் பூசி அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.